மேகத்துக்கு ஒரு தனி ரோடு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்த மேட்டர். ஆணி அதிகமாயிட்டதால தள்ளித் தள்ளிப் போயிருச்சு. போன வாரம் பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "கிளவுடுக்கு பிரைவேட் கனெக்‌ஷன் போடச் சொல்றாங்கய்யா, எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டார். "கிளவுட் பக்கம் பத்து நிமிஷம், உங்க பக்கம் நாலு மாசம்"னேன். அவர் சிரிச்சார். நான் ஜோக்கு சொல்லலை. சரி, பட்டதை எல்லாம் எழுதி வச்சிருவோம்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கலாத்தான் இருக்கும், பொறுத்தருள்க :-)

முதல்ல ஒரு விஷயம். கிளவுட்னு பேர் வச்சாலும் அது மேல எங்கயும் இல்லை. தரையில கட்டடம், கரண்டு, ஏசி, டீசல் ஜெனரேட்டர்னு இருக்கிற சமாச்சாரம்தான். அமேசான்காரங்க 2016 ஜூன்ல மும்பையிலயும் 2022 நவம்பர்ல ஹைதராபாத்லயும் கடை திறந்தாங்க. மைக்ரோசாஃப்ட் 2015லயே புனே, மும்பை, சென்னைன்னு மூணு இடத்துல வந்துட்டாங்க. ஆக, நம்ம ஆபீஸ்ல இருந்து அந்தக் கட்டடத்துக்கு எந்த ரோடு வழியா போறோம்ங்கிறதுதான் கேள்வி.

ரோடு மூணு வகை.

ஒண்ணு, சாதா இன்டர்நெட். டவுன் பஸ்சுல ஒட்டின கவரைக் கொடுத்து அனுப்புற மாதிரி. கவர் ஒட்டியிருக்கு, யாரும் படிக்க முடியாது. ஆனா பஸ் எப்போ வரும், எந்தப் பக்கம் சுத்திப் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது.

ரெண்டு, விபிஎன். அதே பொது ரோடுதான், ஆனா பூட்டு போட்ட வேன். உள்ள என்ன இருக்குன்னு வெளியில தெரியாது. டிராஃபிக் ஜாம் வந்தா வேனும் சேர்ந்து நிக்கும்.

மூணு, தனி லைன். அமேசான் இதுக்கு டைரக்ட் கனெக்ட்னு பேர் வச்சிருக்கு, மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிரஸ்ரூட்டுங்குது, கூகுள் இன்டர்கனெக்ட்டுங்குது. இன்டர்நெட்டையே தொடாம நம்ம எடத்துல இருந்து அவங்க ரூட்டர் வரைக்கும் தனிப் பாதை. வேகம் நிலையா இருக்கும். ஆனா ஒண்ணை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. தனிப் பாதைங்கிறதால பூட்டும் கூடவே வந்துருச்சுன்னு அர்த்தம் இல்லை. அந்த லைன்ல போற டேட்டா தானா என்கிரிப்ட் ஆகாது. தனி ரோடுல தார்ப்பாய் போடாத லாரி மாதிரி. பூட்டை நாமதான் போடணும். "பிரைவேட்"ங்கிற வார்த்தையைக் கேட்டதும் நெறைய பேர் இந்த எடத்துலதான் நிம்மதியா தூங்கிடுறாங்க.

இனி நம்ம கதை. மதுரைப் பக்கம் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். அங்க நெட்வொர்க் வேலையை நாங்க ரெண்டு பேர் பார்த்துக்கிட்டோம். சிடி, எம்ஆர்ஐ, எக்ஸ்ரே படம் எல்லாத்தையும் அமேசானோட மும்பை ரீஜன்ல சேர்த்து வைக்கிறதுன்னு முடிவாச்சு. ராத்திரியில படம் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிற ரேடியாலஜிஸ்ட் ஆஸ்பத்திரியில இருக்க மாட்டார். சென்னையில அவர் வீட்டுல இருந்து அந்த கிளவுட் சிஸ்டத்துல பார்ப்பார். இதுதான் ஏற்பாடு.

ஒரு கணக்கு போட்டுக்குவோம். சிடி ஸ்கேன்ல ஒரு படம் 512க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட்டு. அதாவது அரை எம்பி. ஒரு பேஷன்ட்டுக்கு 1000 படம் எடுத்தா 500 எம்பிக்கு மேல. 200 எம்பிபிஎஸ் லைன்ல, வேற யாரும் குறுக்கே வரலைன்னா, 21 செகண்டு. பொது இன்டர்நெட்ல ராத்திரி பத்து மணிக்கு ஊரே சினிமா பார்த்துக்கிட்டு இருக்கிறப்போ? அன்னிக்கு அது நம்ம அதிர்ஷ்டம்.

இந்த 21 செகண்டு ஏன் முக்கியம்னா, பக்கவாதம் வந்த ஆளைக் கொண்டாந்தா முதல்ல சிடி எடுத்து மூளையில ரத்தக்கசிவா, ரத்தக்கட்டியான்னு பார்க்கணும். கட்டின்னா கரைக்க ஊசி உண்டு. கசிவுக்குப் போய் அதே ஊசியைப் போட்டா ஆளு காலி. அந்த ஊசிக்கும் பொதுவா நாலரை மணி நேரம்தான் கெடு. அந்த நாலரை மணியில பாதியை கிராமத்துல வண்டி பிடிக்கிறதுலயே தொலைச்சிட்டு வருவாங்க. மிச்சத்தை நெட்வொர்க் தின்னக் கூடாது.

மொதல்ல முட்டினது விலாசத்துல. ஐபி அட்ரஸ்ல தனியார் உபயோகத்துக்குன்னு மூணு கூட்டம் ஒதுக்கியிருக்காங்க: 10ல ஆரம்பிக்கிறது, 172.16ல இருந்து 172.31 வரைக்கும், 192.168. இது 1996ல போட்ட விதி. யார் வேணும்னாலும் உள்ளுக்குள்ள இதைப் பயன்படுத்திக்கலாம், யார்கிட்டயும் கேட்க வேண்டாம். யாரும் கேட்க வேண்டாம்னா என்ன ஆகும்? எல்லாரும் 192.168.1.0 தான் வைப்பாங்க! இந்த ஆஸ்பத்திரியிலயும் அதே. அவங்க ரெண்டு கிளையிலயும் அதே. தனித்தனியா இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. மூணையும் கிளவுடோட ஒண்ணா கோக்கணும்னு வந்தப்போ, ஒரே தெருவுல மூணு பேர் 12ஆம் நம்பர் வீடுன்னு போர்டு மாட்டின கதை. தபால்காரர் என்ன பண்ணுவார் பாவம்.

மாத்தியே ஆகணும். கம்ப்யூட்டருக்கு மாத்துறது ஈசி. சிடி மிஷினுக்கு அப்படியில்லை. அதைத் தொடணும்னா மிஷின் கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் வரணும், அவர் தேதி கொடுக்கணும், அன்னிக்கு ராத்திரி ஸ்கேன் இல்லாம இருக்கணும். இதுக்கே மூணு வாரம் ஓடிருச்சு. ஆனா இதைச் செய்யாம மேல போகவே முடியாது. கிளவுட் பக்கம் 10.20ன்னு தனியா ஒரு கூட்டம், ஆஸ்பத்திரிக்கு 10.30, கிளைகளுக்கு 10.31, 10.32ன்னு ஒரு தாள்ல எழுதி சுவத்துல ஒட்டினோம். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் முதல் வேண்டுகோள்: கன்சோலைத் திறக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தாளை எழுதுங்க.

அடுத்து விபிஎன். அது ரெண்டே நாள்ல ரெடி. ஒரு கனெக்‌ஷனுக்கு அமேசான் ரெண்டு டன்னல் கொடுக்கும், ஒண்ணு படுத்தா இன்னொண்ணு. டெஸ்ட் பண்ணினோம். மருத்துவப் படங்களுக்குன்னு டைகாம்னு ஒரு பாஷை இருக்கு. அதுல "எக்கோ"ன்னு ஒரு கட்டளை. "இருக்கியா?"ன்னு கேட்டா "இருக்கேன்"னு பதில் வரும். அனுப்பினோம், வந்துச்சு. எல்லாரும் கைகுலுக்கிட்டு டீ குடிக்கப் போயாச்சு.

டீ பாதி குடிக்கிறதுக்குள்ள ரேடியாலஜி டெக்னீஷியன் அக்கா போன். "தம்பி, எக்கோ போகுது. படம் போக மாட்டேங்குது. அப்படியே நின்னுருச்சு."

இது கிளாசிக் கேஸ். ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட்டு. விபிஎன்ல அதை இன்னொரு உறைக்குள்ள வச்சு ஒட்டுறதால உறைக்கும் கொஞ்சம் எடம் வேணும். ஆக, 1500 முழுசா கொண்டு வந்தா உள்ள போகாது. அப்போ ரூட்டர், அனுப்பின மிஷினுக்கு "அண்ணே, பெருசா இருக்கு, சின்னதா வெட்டி அனுப்புங்க"ன்னு ஐசிஎம்பிங்கிற முறையில ஒரு சீட்டு அனுப்பும். மிஷின் புரிஞ்சுக்கும். ஆனா இங்க நடுவுல ஒரு ஃபயர்வால். "ஐசிஎம்பின்னா பிங், பிங்குன்னா ஹேக்கர்"னு எப்பவோ யாரோ மொத்தமா அடைச்சு வச்சிருந்தாங்க. சீட்டு போய்ச் சேரலை. மிஷின் திரும்பத் திரும்ப அதே பெரிய பாக்கெட்டை அனுப்பிக்கிட்டே நிக்குது. எக்கோ சின்ன பாக்கெட், அதனால அது மட்டும் ஜம்முன்னு போகுது.

அந்த ஒரு வகைச் சீட்டை மட்டும் அனுமதிச்சோம். ரூட்டர்ல டிசிபி பாக்கெட் அளவையும் ஆரம்பத்துலயே குறைச்சுச் சொல்ற மாதிரி வச்சோம். படம் ஓடுச்சு. "சின்னது போகுது, பெருசு நிக்குது"ன்னு யாராவது சொன்னா வேற எதையும் தேடாதீங்க மக்களே, முதல்ல இதைப் பாருங்க.

தனி லைன் கதை வேற. சொந்தமா ஒரு போர்ட் எடுக்கணும்னா 1 ஜிபிபிஎஸ்ல ஆரம்பம். நமக்கு அவ்வளவு வேண்டாம். அமேசானோட கூட்டாளியா இருக்கிற டெலிகாம் கம்பெனிங்க தங்களோட பெரிய போர்ட்ல இருந்து 50, 100, 200ன்னு பிரிச்சுக் கொடுப்பாங்க. நாங்க 200 எடுத்தோம். ஆஸ்பத்திரியில இருந்து சென்னையில இருக்கிற டேட்டா சென்டர் வரைக்கும் டெலிகாம் ஃபைபர். அங்க அமேசான் ரூட்டரோட கைகோத்து, அதுக்கப்புறம் மும்பை வரைக்கும் அவங்க பொறுப்பு. தூரத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னை - மும்பை நேர்கோட்டுல ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். போய்ட்டு வர 10 மில்லிசெகண்டு. கேபிள் நேர்கோட்டுல போகாதுங்கிறதால நெஜத்துல இன்னும் கூட ஆகும், அவ்வளவுதான்.

கன்சோல்ல "ஏற்றுக்கொள்"னு ஒரு பட்டன். அதை அமுக்க பத்து செகண்டு. அந்தப் பட்டன் வர்றதுக்குத்தான் மூணு மாசத்துக்கு மேல. சர்வே, ரோடு வெட்ட அனுமதி, குழி, குழாய், மழை, திரும்ப குழி.

கடைசியா ஃபைபர் ஒட்ட ஒரு அண்ணன் வந்தார். வெயில்ல குடையை நட்டு வச்சுக்கிட்டு, முடி மாதிரி இருக்கிற கண்ணாடி இழையை ஒட்டிக்கிட்டு இருந்தார். சும்மா பேச்சுக் கொடுத்தேன். நம்ம விபிஎன் போற இன்டர்நெட் லைன் வேற கம்பெனி. அந்தத் தைரியத்துல, "இது போனாலும் அது இருக்கும்ணே"ன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "தம்பி, பேப்பர்ல ரெண்டு. பாலத்துக்கிட்ட ரெண்டும் ஒரே குழிதான். நான்தானே ரெண்டையும் போட்டேன்."

எனக்குத் திக்குன்னுச்சு. ரெண்டு கம்பெனி, ரெண்டு பில்லு, ரெண்டு ரூட்டர், ஒரே குழி! சேல்ஸ் பண்ணின ரெண்டு பேர்கிட்டயும் கேபிள் போற வழியோட வரைபடம் கேட்டேன். ஒருத்தர் "சார், அதெல்லாம் ரகசியம்"னார். இன்னொருத்தர் "எங்க நெட்வொர்க் 99.9 பெர்சன்ட் சார்"னார். நான் கேட்டது பெர்சன்டேஜ் இல்லைங்க, தெருப் பேர். கையெழுத்துப் போடாம மூணு வாரம் இழுத்தடிச்ச பிறகு படம் வந்துச்சு. அண்ணன் சொன்னது அப்படியே சரி. பாலத்துல ஆரம்பிச்சு எங்க காம்பவுண்ட் கேட் வரைக்கும் ஒரே வழி.

இன்டர்நெட் லைனைப் பின்பக்க கேட் வழியா, வேற தெருவுல சுத்திக் கொண்டு வரச் சொன்னோம். கூடுதல் காசு. கணக்குப் பிரிவு சார் ஃபைலைத் திருப்பி அனுப்பிட்டார். "ஏற்கனவே லைன் இருக்கு. அதே லைனைப் பின்னாடி சுத்தி விட இவ்ளோவா?" அவர் கேட்டதுல தப்பில்லை. பார்வைக்கு ஒண்ணுமே மாறலை, காசு மட்டும் போகுது. எங்க டேமேஜர் பிரசன்டேஷன் போட ஆரம்பிச்சார். அதுக்குள்ள டெக்னீஷியன் அக்கா கணக்குப் பிரிவுக்கே போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வந்தாங்க. "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் போனா நான் உங்களுக்குப் போன் பண்ணட்டுமா?" மறுநாள் ஃபைல் கையெழுத்தாகி வந்துருச்சு. பத்து ஸ்லைடு பண்ணாத வேலை!

லைன் வந்தாச்சு, அப்புறம் ஒரு வேடிக்கை. சில பழைய படங்களை டாக்டரோட வியூவர் நேரா எஸ்3ங்கிற ஸ்டோரேஜ்ல இருந்து இழுக்கும். அந்தப் போக்குவரத்தைப் பார்த்தா தனி லைன்லயே இல்லை! சாதா இன்டர்நெட் வழியா போய்க்கிட்டு இருக்கு. ஏன்? பேரைக் கொடுத்து விலாசம் கேட்டா டிஎன்எஸ் பொது விலாசத்தைத்தான் கொடுக்குது. பொது விலாசம்னா ரூட்டர் பொது ரோட்டைப் பிடிக்குது. லட்சம் லட்சமா செலவழிச்சுத் தனி ரோடு போட்டாலும், வழி சொல்றவன் பழைய வழியைச் சொன்னா வண்டி பழைய வழியிலதான் போகும்.

இதுக்கு மருந்து பிரைவேட்லிங்க்னு ஒண்ணு, 2017ல வந்தது. ஸ்டோரேஜுக்கு நம்ம கூட்டத்துக்குள்ளயே ஒரு உள்விலாசம் கொடுத்துரும். எஸ்3க்கு இன்டர்ஃபேஸ் வகை எண்ட்பாயின்ட் 2021ல வந்துச்சு. இலவசமா இருக்கிற கேட்வே வகை, கிளவுடுக்குள்ள இருக்கிற மிஷினுக்கு மட்டும்தான் உதவும், நம்ம ஆபீஸ்ல இருந்து அதைத் தொட முடியாது. இதை விலைப்பட்டியல் மட்டும் பார்த்து முடிவு பண்றவங்க கவனிக்கணும். அதோட, ஆஸ்பத்திரி டிஎன்எஸ் அந்தப் பேருக்கு மட்டும் கிளவுட் பக்கத்து டிஎன்எஸ்சைக் கேட்கிற மாதிரி வச்சோம். வண்டி தனி ரோட்டுக்கு வந்துச்சு.

நியாயமா சொல்லணும்னா, அதுக்கு முன்னாடி போனதும் என்கிரிப்ட் ஆகித்தான் போச்சு, யாரும் படிச்சிருக்க முடியாது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனி லைன் போடுன்னு சொல்லலை. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு வேணும்ங்குது, அது இல்லாம டேட்டா கசிஞ்சா 250 கோடி வரைக்கும் அபராதம்ங்குது. ஆனா பேஷன்ட்டுக்கும் டிரஸ்டிக்கும் "தனி லைன்ல போகுது"ன்னு எழுதிக் கொடுத்துட்டு வேற லைன்ல விடுறது சரியில்லைல்ல? சொன்னது நெஜமா இருக்கணும்.

தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒத்திகை. தனி லைன் கேபிளைக் கையால பிடுங்கினோம். எந்த வழி உயிரோட இருக்குன்னு ரூட்டருங்க பிஜிபிங்கிற பாஷையில பேசிக்கும். ஒண்ணு செத்தது இன்னொண்ணுக்குத் தானா தெரிய ஒன்றரை நிமிஷம் வரை ஆகலாம். பிஎஃப்டின்னு ஒண்ணைச் சேர்த்தா ஒரு செகண்டுக்குள்ள தெரியும். சேர்த்தோம். அமேசான் பக்கம் ஒரே விலாசத்துக்கு ரெண்டு வழி இருந்தா தனி லைனைத்தான் முதல்ல எடுக்கும். நம்ம ரூட்டர்லயும் அதே முன்னுரிமையைச் சொல்லி வைக்கணும். இல்லைன்னா போறது ஒரு வழி, வர்றது ஒரு வழின்னு ஆகி ஃபயர்வால் குழம்பிப்போய்த் தூக்கிப் போட்டுரும். அக்கா ஒரு டெஸ்ட் ஸ்கேனை அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. பிடுங்கினோம். ஒரு நொடி தயங்கிட்டு ஓடுச்சு. திரும்பச் சொருகினோம். அப்பவும் ஓடுச்சு.

ஆறு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு என் போன்ல அலாரம். தனி லைன் காலி. பாலத்துக்குப் பக்கத்துல சாக்கடை வேலைக்குத் தோண்டின பொக்லைன் எங்க ஃபைபரை அள்ளி வெளிய போட்டிருச்சு. நான் லேப்டாப்பைத் திறந்து பார்க்கிறப்போ விபிஎன் வழியா ஒரு சிடி போய்க்கிட்டு இருந்துச்சு. நெதானமாத்தான், ஆனா போய்க்கிட்டு இருந்துச்சு. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, லைன் போயிருச்சு. படம் போகுதா?"

"எந்த லைன் தம்பி? ஸ்ட்ரோக் கேஸு ஒண்ணு, இப்பத்தான் அனுப்பினேன். டாக்டர் பார்த்துட்டு கட்டிதான்னு சொல்லிட்டாரு. ஊசி ரெடி பண்ணிக்கிட்டு இருக்காங்க, வையி."

வச்சிட்டாங்க. அவங்களுக்கு லைன் போனதே தெரியாது. சென்னையில இருந்த டாக்டருக்கும் தெரியாது. அந்தப் பேஷன்ட் யாருன்னு எனக்கும் தெரியாது. அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் டாக்டர், நர்ஸுங்க சாமர்த்தியம், அதுல நமக்குப் பங்கு கேட்கக் கூடாது. ஆனா பழைய குழியிலயே ரெண்டு லைனும் கெடந்திருந்தா அந்த நேரத்துல அக்கா என்ன பண்ணியிருப்பாங்கன்னு யோசிச்சா இப்பவும் வயித்தைப் பிசையும். ஃபைபர் ஒட்டி முடிக்க மறுநாள் சாயங்காலம் ஆச்சு. ஒட்ட வந்தது அதே அண்ணன்தான். இந்தத் தடவை சேல்ஸ் ஆளுங்க யாரையும் நான் கூப்பிடலை, அவருக்குத்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இன்னிக்கு யார் கேட்டாலும் நான் சொல்றது இதுதான். விலாசத்தைத் தாள்ல எழுதுங்க. பெரிய ஃபைலை அனுப்பி டெஸ்ட் பண்ணுங்க. டிஎன்எஸ் எந்த வழியைச் சொல்லுதுன்னு பாருங்க. தனி லைன்லயும் பூட்டு போடுங்க. கேபிளைப் பிடுங்கிப் பாருங்க. முக்கியமா, கான்ட்ராக்டைப் படிக்கிறதோட நிக்காம, குழி தோண்டுற ஆளோட பேசுங்க.

டிஸ்கி 1: இதுல வர்ற அளவு, வேகம் எல்லாம் எங்க தேவைக்குத் தகுந்தது. உங்க கணக்கை நீங்க போட்டுக்கங்க.

டிஸ்கி 2: உங்க ஊர்ல ரெண்டு லைனும் ஒரே குழியான்னு பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. "மீ த பர்ஸ்ட்" போடுறவங்களும் பார்த்துட்டு வந்து போடலாம் :-)